அட்மின் உரிமையோடு கட்டளைத் திரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையோ, பிரஸ் ஷாப்போ, பவுடர் கோட்டிங் யூனிட்டோ, எதற்குள் நுழைந்தாலும் ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். டேலி அதில்தான். ஜிஎஸ்டி, இ-வே பில், டெண்டருக்குக் கையெழுத்துப் போடும் டிஎஸ்சி டோக்கன், பெரிய கம்பெனியிலிருந்து மெயிலில் வரும் டிராயிங் எல்லாமே அதில்தான். அது நின்றால் வாசலில் லோடு ஏற்றிய வண்டியும் நிற்கும். அதைச் சரிசெய்ய வருகிற யாரும் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "ரைட் கிளிக் பண்ணி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுங்க."

அது என்ன செய்கிறது என்று தெரிந்து அழுத்துகிறவர்கள் குறைவு. தெரியாமல் அழுத்தினாலும் பெரும்பாலும் வேலை நடந்துவிடுவதால் யாரும் கேட்பதும் இல்லை. 1964-ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில் மெஷின் பாதுகாப்பைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பேனல் போர்டை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று ஹெல்பர் பையனுக்குக்கூடத் தெரியும். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு பேனல் போர்டு இருக்கிறது. அதைத் திறக்க வேண்டிய வேலைகள் எவை, எப்படித் திறப்பது, எப்போது மூடுவது என்பதுதான் இந்த அத்தியாயம்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில், வாயால் சொல்வதைப் போலவே எழுதியிருக்கிறேன். ஆவடியிலிருந்து ஒருவர் போனில் சொல்ல, திருமழிசை சிட்கோவில் ஒருவர் தட்டுவது அப்படித்தான் நடக்கிறது. நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'ஸ்பேஸ்' என்று வரும் இடத்தில் ஸ்பேஸ் பாரை ஒருமுறை அழுத்துங்கள். 'ஸ்லாஷ்' என்றால் கேள்விக்குறி இருக்கும் பட்டனில் உள்ள முன்சாய்ந்த கோடு. 'பேக் ஸ்லாஷ்' என்றால் என்டர் பட்டனுக்கு மேலே உள்ள பின்சாய்ந்த கோடு. இரண்டையும் மாற்றிப் போட்டால் கட்டளை ஓடாது, அல்லது வேறு பொருளில் ஓடிவிடும்.

அட்மின் கணக்கு வேறு, அட்மின் ஜன்னல் வேறு

"சார், நான் அட்மின் கணக்குலதான் இருக்கேன். அப்புறமும் ஆக்சஸ் இஸ் டினைட்னு வருதே?" இது அடிக்கடி வரும் கேள்வி.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பெரும்பாலான ஆபீஸ்களில் எல்லோரும் அட்மின் கணக்கிலேயே வேலை செய்தார்கள். திறக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் முழு உரிமை கிடைத்தது. பென்டிரைவில் வந்த வைரஸுக்கும் அதே முழு உரிமை கிடைத்தது. 2007-ல் விஸ்டா பொதுச் சந்தைக்கு வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதை மாற்றியது. அட்மின் கணக்கில் நுழைகிறவருக்கு விண்டோஸ் இப்போது இரண்டு டோக்கன் தயாரிக்கிறது. ஒன்று சாதாரண உரிமைக்கு, மற்றது முழு உரிமைக்கு. டபுள் கிளிக் செய்து திறக்கும் நிரல்கள் எல்லாம் சாதாரண டோக்கனில்தான் திறக்கும். முழு உரிமை வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டும். கேட்டதும் திரை மங்கி, இந்த நிரல் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று நடுவில் ஒரு பெட்டி வரும். யெஸ் கொடுத்தால் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் முழு உரிமை. அதிலிருந்து நீங்கள் திறக்கும் மற்ற நிரல்களுக்கும் அது அப்படியே போய்ச் சேரும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அட்மின் கட்டளைத் திரையிலிருந்து நோட்பேடைத் திறந்தால் அதுவும் அட்மின் நோட்பேடுதான்.

அந்தப் பெட்டியில் நிரலின் பெயரும், அதை வெளியிட்டவர் யார் என்பதும் இருக்கும். கட்டளைத் திரைக்கு 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ்' என்று வர வேண்டும். 'அன்நோன்' என்று வந்தால் கையை எடுத்துவிட்டு, நீங்கள் எதைத் திறந்தீர்கள் என்று பாருங்கள். நீங்கள் எதையுமே திறக்காதபோது அந்தப் பெட்டி தானாக வந்தால் நோ கொடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

திறப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு சி, எம், டி என்று மூன்று எழுத்து தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் மேலே வரும். அதில் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுக்கலாம். மவுஸைத் தொடாமல் கன்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதேதான். விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். அதில் விண்டோஸ் 11-ல் 'டெர்மினல் அட்மின்' என்று இருக்கும். டெஸ்க்டாப்பே வராமல் திரை கறுத்துக் கிடந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'ரன் நியூ டாஸ்க்' போய், சிஎம்டி என்று தட்டி, நிர்வாகி உரிமையோடு தொடங்கு என்ற பெட்டியில் டிக் போடுங்கள். ஸ்டார்ட் மெனு உயிரோடு இல்லாதபோது இதுதான் வழி.

திறந்த ஜன்னல் அட்மின் ஜன்னல்தானா என்று இரண்டு இடத்தில் தெரியும். மேல் பட்டையில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற சொல் முதலில் இருக்கும். கர்சர் நிற்கும் வரி சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32 என்று இருக்கும். சாதாரண ஜன்னலில் அது யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரைக் காட்டும். இந்த இரண்டாவது அடையாளம் ஓர் எச்சரிக்கையும்கூட. அட்மின் ஜன்னல் திறந்த கணமே நீங்கள் விண்டோஸின் மிக முக்கியமான ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள். எந்த ஃபோல்டர் என்று சொல்லாமல் அழிக்கும் கட்டளை ஒன்றைத் தட்டினால் அது அங்கேதான் ஓடும். பல கோப்புகளை அட்மினிடமிருந்தும் விண்டோஸ் காத்துக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அதனால் அட்மின் ஜன்னலில் எந்தக் கோப்பைக் குறிப்பிட்டாலும் டிரைவ் எழுத்திலிருந்து முழு முகவரியையும் எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கிக்கொண்ட பில்

இந்தப் பகுதியில் இருக்கும் யூனிட்களுக்கு அட்மின் திரை அதிகம் தேவைப்படுவது பிரின்டருக்காக. டெலிவரி சலானும் இன்வாய்ஸும் அச்சாகாமல் சரக்கு கேட்டைத் தாண்டாது. பிரின்ட் கியூவில் ஒரு பில் 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டே மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். அடுத்து அனுப்பிய பில்கள் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பிரின்டரை அணைத்துப் போட்டாலும் தீராது, ஏனென்றால் சிக்கல் பிரின்டரில் இல்லை. அச்சுக்குப் போக வேண்டியதை வாங்கி வைத்து அனுப்பும் ஸ்பூலர் என்ற சேவையில் இருக்கிறது.

அட்மின் ஜன்னலைத் திறந்து முதலில் இதைத் தட்டுங்கள்: நெட், ஸ்பேஸ், ஸ்டாப், ஸ்பேஸ், ஸ்பூலர். என்டர். சேவை வெற்றிகரமாக நிறுத்தப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். சாதாரண ஜன்னலில் இதே கட்டளையைத் தட்டியிருந்தால் 'சிஸ்டம் எரர் 5' என்று வந்திருக்கும். எரர் 5 என்றாலே உரிமை இல்லை என்று அர்த்தம். கட்டளையில் தவறு தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஜன்னலை மாற்றினால் போதும்.

அடுத்து, அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டும். டி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்து, ஒரு ஸ்பேஸ், பிறகு முகவரி: சி, கோலன், பேக் ஸ்லாஷ், விண்டோஸ், பேக் ஸ்லாஷ், சிஸ்டம்32, பேக் ஸ்லாஷ், ஸ்பூல், பேக் ஸ்லாஷ், பிரின்டர்ஸ். என்டர் தட்டினால் உள்ளே இருப்பவை பட்டியலாக வரும். சாதாரணமாக ஒரு பில்லுக்கு இரண்டு கோப்பு இருக்கும். எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சிட வேண்டிய பக்கம் இருக்கிறது. எஸ்எச்டி என்று முடிவதில் அதை யார், எந்த பிரின்டருக்கு அனுப்பினார் என்ற குறிப்பு இருக்கிறது. இந்த இரண்டு வகையைத் தவிர வேறு பெயர்கள் நூற்றுக்கணக்கில் ஓடினால் நீங்கள் தவறான ஃபோல்டரில் இருக்கிறீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்துங்கள். முன்பு தட்டிய வரி அப்படியே திரும்பி வரும். ஹோம் பட்டனை அழுத்தி வரியின் தொடக்கத்துக்குப் போய் டிஐஆர் என்பதை அழித்து டி, இ, எல் என்று மாற்றுங்கள். எண்ட் பட்டனை அழுத்திக் கடைசிக்கு வந்து பேக் ஸ்லாஷ், ஸ்டார், புள்ளி, ஸ்டார் சேருங்கள். முகவரியை மறுபடி தட்டாமல் பழைய வரியையே திருத்துவதற்குக் காரணம் இருக்கிறது: கண்ணால் பார்த்து உறுதி செய்த அதே ஃபோல்டரில்தான் அழிப்பு நடக்கும், நடுவில் ஒரு எழுத்து தவறி வேறு இடத்துக்குப் போக வழியே இல்லை.

என்டர் தட்டியதும் விண்டோஸ் அந்த முழு முகவரியையும் திரையில் எழுதி, நிச்சயமா என்று கேட்கும். அந்த முகவரியில் கடைசியாக 'பிரின்டர்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இருந்தால் ஒய், என்டர். இந்தக் கேள்வியே வராமல் செய்ய ஸ்லாஷ் க்யூ சேர்த்துத் தட்டச் சொல்லிப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். நேரம் மிச்சமாவது இரண்டு விநாடி. போவது நீங்கள் தவறை உணரக்கூடிய கடைசி வாய்ப்பு. நான் அதை யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

முடிவாக நெட், ஸ்பேஸ், ஸ்டார்ட், ஸ்பேஸ், ஸ்பூலர். பிரின்டர் திரும்ப வேலை செய்யும். வரிசையில் இருந்த பில்கள் எல்லாம் போய்விட்டன, ஆகவே டேலியிலிருந்து மறுபடி அனுப்ப வேண்டும். பிறகு எக்ஸிட் என்று தட்டி ஜன்னலை மூடுங்கள். மினிமைஸ் செய்து கீழே வைக்காதீர்கள். மாலையில் அதே ஜன்னலைச் சாதாரண ஜன்னல் என்று நினைத்து வேறொருவர் எதையாவது தட்டுவார்.

காணாமல் போகும் இசட் டிரைவ்

டேலி டேட்டா ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும். மற்றவற்றில் அது இசட் டிரைவாகத் தெரியும். இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸ்களில் இதுதான் வழக்கம். அட்மின் ஜன்னலைத் திறந்து இசட், கோலன் என்று தட்டினால் அப்படி ஒரு டிரைவே இல்லை என்று பதில் வரும். டேட்டா போய்விட்டதோ என்று பயந்து முதலாளிக்குப் போன் போகும்.

எதுவும் போகவில்லை. முன்பு சொன்ன இரண்டு டோக்கன்தான் காரணம். இசட் டிரைவை இணைத்தது சாதாரண டோக்கன். முழு உரிமை டோக்கனை விண்டோஸ் தனி நுழைவாக நடத்துகிறது, அதனால் அந்த இணைப்பு அங்கே தெரிவதில்லை. சாதாரண ஜன்னலைத் திறந்து பாருங்கள், இசட் அங்கே இருக்கும். கோப்பை நகலெடுப்பது போன்ற வேலைக்கு அட்மின் உரிமையே தேவையில்லை, சாதாரண ஜன்னலிலேயே செய்யுங்கள். அட்மின் ஜன்னலிலிருந்தே போக வேண்டியிருந்தால் டிரைவ் எழுத்துக்குப் பதில் இரண்டு பேக் ஸ்லாஷ் போட்டு அந்தக் கம்ப்யூட்டரின் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் எழுதுங்கள்.

கரன்ட் போய் வந்த பிறகு

யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்த மறுநாள் விண்டோஸ் தடுமாறும். அட்மின் ஜன்னலில் இரண்டு கட்டளை, இந்த வரிசையில். முதலாவது: டி, ஐ, எஸ், எம், ஸ்பேஸ், ஸ்லாஷ் ஆன்லைன், ஸ்பேஸ், ஸ்லாஷ் கிளீனப் ஹைஃபன் இமேஜ், ஸ்பேஸ், ஸ்லாஷ் ரிஸ்டோர்ஹெல்த். கிளீனப்பும் இமேஜும் ஹைஃபனால் ஒட்டியிருக்க வேண்டும். ரிஸ்டோரும் ஹெல்த்தும் ஒரே சொல். இது இணையத்திலிருந்து நல்ல பிரதிகளை எடுத்து விண்டோஸின் சேமிப்பைச் சரிசெய்யும். இரண்டாவது: எஸ், எஃப், சி, ஸ்பேஸ், ஸ்லாஷ் ஸ்கேன்நவ். சரியான சேமிப்பை வைத்துக்கொண்டு கெட்ட கோப்புகளை மாற்றும். நடுவில் சதவீதம் நின்றுபோனது போலத் தெரியும், விட்டுவிடுங்கள், நகரும்.

டிஸ்க்கையே சோதிக்கும் செக்டிஸ்க் கட்டளைக்குப் போகுமுன் டேலி டேட்டாவை வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் ஏறியபோது பேக்கப்பின் அருமை பலருக்குப் புரிந்தது. நோயுற்ற டிஸ்க் சோதனையின்போதே முழுதாகச் செத்துப்போவதும் உண்டு. சி, எச், கே, டி, எஸ், கே, ஸ்பேஸ், சி, கோலன் என்று மட்டும் தட்டினால் அது பார்க்கும், எதையும் மாற்றாது. தவறு இருக்கிறது என்று சொன்னால்தான் கடைசியில் ஸ்பேஸ், ஸ்லாஷ் எஃப் சேர்க்க வேண்டும். அப்போது அடுத்த முறை ஆன் ஆகும்போது செய்யட்டுமா என்று கேட்கும். ஒய் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மாலை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போங்கள். திங்கள் காலை பத்து மணிக்கு இதைத் தொடங்குகிறவர் அன்றைய பில்லிங்கை மறந்துவிட வேண்டியதுதான்.

அன்றாடக் கணக்கை அட்மினிலிருந்து இறக்குங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைச் செய்வதானால் இதைச் செய்யுங்கள். அனுமதி கேட்கும் அந்தப் பெட்டியைப் பாதுகாப்பு அரணாக அல்ல, ஒரு வசதியாகத்தான் மைக்ரோசாஃப்ட் கருதுகிறது. அட்மின் கணக்குக்குள் இருக்கும்போது அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும் வைரஸ்கள் உண்டு. கணக்காளர் சாதாரணக் கணக்கில் வேலை செய்தால் தாண்டுவதற்கு அங்கே அட்மின் டோக்கனே இருக்காது. பெட்டி பாஸ்வேர்ட் கேட்கும், பாஸ்வேர்ட் முதலாளியிடம் இருக்கும்.

முதலில் இப்போது யார் யார் அட்மின் என்று பாருங்கள். நெட், ஸ்பேஸ், லோக்கல்குரூப், ஸ்பேஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ். வேலையை விட்டுப்போனவரின் பெயர், எப்போதோ சர்வீஸுக்கு வந்தவர் தனக்காகப் போட்டுக்கொண்ட ஒரு கணக்கு, இப்படி ஏதாவது அதில் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் என்றே ஒரு பெயர் எப்போதும் இருக்கும். அது விண்டோஸோடு வருவது, சாதாரணமாக முடக்கப்பட்டிருக்கும், அப்படியே இருக்கட்டும்.

இப்போது முதலாளிக்கென ஒரு கணக்கு. ஓனர் என்று பெயர் வைப்போம். நெட், ஸ்பேஸ், யூசர், ஸ்பேஸ், ஓனர், ஸ்பேஸ், ஸ்டார், ஸ்பேஸ், ஸ்லாஷ் ஆட். ஸ்டார் போட்டதால் பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, தட்டிக்கொண்டே போங்கள். பிறகு நெட், ஸ்பேஸ், லோக்கல்குரூப், ஸ்பேஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், ஸ்பேஸ், ஓனர், ஸ்பேஸ், ஸ்லாஷ் ஆட். லாக் ஆஃப் செய்து, ஓனர் கணக்கில் நுழைந்து, அட்மின் ஜன்னல் உண்மையிலேயே திறக்கிறதா என்று பாருங்கள். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போனால் கம்ப்யூட்டரில் அட்மினே இல்லாத நிலை வந்துவிடும். அதிலிருந்து மீள்வது பெரும்பாடு.

திறந்ததா? அதே ஜன்னலில் கணக்காளரின் கணக்கை இறக்கலாம். அதன் பெயர் அக்கவுன்ட்ஸ் என்றால்: நெட், ஸ்பேஸ், லோக்கல்குரூப், ஸ்பேஸ், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், ஸ்பேஸ், அக்கவுன்ட்ஸ், ஸ்பேஸ், ஸ்லாஷ் டிலீட். நன்றாகக் கவனியுங்கள். லோக்கல்குரூப் என்று தட்டினால் அட்மின் குழுவிலிருந்து மட்டும் பெயர் நீங்கும். அந்த இடத்தில் யூசர் என்று தட்டி, அடுத்துப் பெயரும் டிலீட்டும் எழுதினால் கணக்கே அழிந்துவிடும். ஒரு சொல் வித்தியாசம்தான். அடுத்த முறை அவர் நுழையும்போது மாற்றம் அமலுக்கு வரும். அவருடைய கோப்புகள், டெஸ்க்டாப் எல்லாம் இருந்தபடியே இருக்கும்.

முதல் வாரம் முனகல் வரும். "அப்போ ஒவ்வொரு தடவையும் உங்களைக் கூப்பிடணுமா சார்?" என்று கணக்காளர் கேட்பார். "கூப்பிடும்மா, வந்து போட்டுத் தர்றேன்" என்பதுதான் சரியான பதில். உண்மையில் தினமும் கூப்பிட வேண்டியிருக்காது. டேலியில் பில் போட, மெயில் பார்க்க, எக்ஸலில் கணக்குப் போட எதற்கும் அட்மின் வேண்டாம். டிஎஸ்சி டோக்கனுக்கு டிரைவர் போடும்போது வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் டிஎஸ்சி கையெழுத்துக்கு உதவும் இஎம்சைனரை அட்மினாக ஓட்டச் சொல்வார்கள், அங்கேயும் வேண்டும். கையெழுத்தே முதலாளியுடையது என்பதால் அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருப்பதுதான் முறை.

யார் சொன்னாலும் ஒட்டக் கூடாதது

2024 முதல் ஒரு மோசடி பரவலாக நடக்கிறது. ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். உங்களுக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு கட்டளையை ஏற்கெனவே கிளிப்போர்டில் வைத்திருக்கும். நீங்களே அதை ஒட்டி நீங்களே ஓட்டிவிடுகிறீர்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் பாஸ்வேர்டுகள் திருட்டுப் போகும். மனிதர் என்று நிரூபிக்க எந்த நேர்மையான தளமும் கட்டளை ஓட்டச் சொல்லாது.

திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்ய அட்மின் ஜன்னலில் ஒரு வரி ஒட்டச் சொல்வதும் இதே ரகம்தான். அந்த வரி எங்கிருந்தோ ஒரு நிரலை இறக்கி முழு உரிமையோடு ஓட்டுகிறது. இன்று அதில் என்ன இருக்கிறது, நாளை என்ன இருக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. வங்கி வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் இதை அனுமதிக்கவே வேண்டாம். போனில் அழைத்து, ரிமோட் நிரல் போடச் சொல்லி, யெஸ் கொடுங்கள் என்று அவசரப்படுத்துகிறவர்களிடமும் அதே உறுதி வேண்டும். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைப்பது கடினமாகிறது.

ஒரு கம்ப்யூட்டரில் கிடைத்த அட்மின் பாஸ்வேர்ட் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 ஜூன் 27 அன்று பரவத் தொடங்கிய நாட்பெட்யா என்ற வைரஸ் சாட்சி. உள்ளே நுழைந்த கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்து அட்மின் அடையாளங்களைத் திருடி, அவற்றை வைத்தே பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்குத் தாவியது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையம் முடங்கியது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்ட் வைத்திருக்கும் யூனிட்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்ட் யாரிடம்?

பூட்டி வைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு: சாவி யாரிடம் என்றே தெரியாமல் போவது. 2024 ஜூலை 19 காலை, இந்திய நேரம் 9.39-க்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறுவனம் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கம்ப்யூட்டர்களுக்கு அது உதவவில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அட்மின் உரிமையோடு டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் போய், 291 என்ற எண் கொண்ட ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வேலை சில நிமிடம்தான். டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் அந்தச் சில நிமிட வேலையைத் தொடங்கவே முடியவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் பிட்லாக்கர் இருக்கிறதா என்று அட்மின் ஜன்னலில் பார்க்கலாம்: மேனேஜ் ஹைஃபன் பிடிஇ, ஸ்பேஸ், ஹைஃபன் ஸ்டேட்டஸ். இருந்தால் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி, ஓனர் கணக்கின் பாஸ்வேர்டோடு ஓர் உறையில் போட்டு ஒட்டி, செக் புத்தகம் இருக்கும் பீரோவில் வையுங்கள். மானிட்டரில் ஒட்டிய மஞ்சள் சீட்டில் வேண்டாம்.

பாஸ் லினக்ஸ் இருந்தால்

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இங்கிருந்து அதிக தூரமில்லாத காக்களூரில்தான் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆவடி, பட்டாபிராம் பக்கம் சில வீடுகளில் அவை இன்னும் ஓடுகின்றன. பாஸ், டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கே ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் பதில் சுடோ. கட்டளைக்கு முன்னால் எஸ், யு, டி, ஓ, ஸ்பேஸ் என்று சேர்த்தால் அந்த ஒரு கட்டளை மட்டும் முழு உரிமையோடு ஓடும். ஜன்னல் சாதாரண ஜன்னலாகவே இருக்கும். 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட இந்தச் சிறு நிரலின் முறையே மேலானது என்பது என் எண்ணம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலும் இப்போது சுடோ வந்துவிட்டது. செட்டிங்ஸில் அதை நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். லினக்ஸில் ஒருமுறை பாஸ்வேர்ட் கொடுத்தால் சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். எழுந்து போவதற்கு முன் சுடோ, ஸ்பேஸ், ஹைஃபன், சிறிய கே என்று தட்டினால் அந்த அனுமதி உடனே முடியும்.

சிஎன்சி மெஷினோடு வந்த கம்ப்யூட்டர்

இந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் அதில் செய்யாதீர்கள். பல மெஷின்களில் இன்னும் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடுகிறது. மெஷின் நிரல் அட்மின் கணக்கில்தான் ஓடும்படி தயாரிப்பாளரே அமைத்திருப்பார். கணக்கை இறக்கினால் ஸ்பின்டில் சுற்றாது. அதை இணையத்திலிருந்து முழுதாகப் பிரித்துவையுங்கள், புரோகிராம் ஏற்றுவதற்கென்றே ஒரு பென்டிரைவை ஒதுக்கி அதற்கு ஒரு நிற டேப் சுற்றுங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் ஸ்கேன் செய்யாமல் அதைச் செருக விடாதீர்கள். டிஸ்க்கின் முழு நகல் ஒன்றை மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆள் அடுத்த முறை வரும்போது எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.